ஒரு பாட்டுக்கு எத்தனை முதலாளி?

பாடகன் ஒருவன். போஸ்டர் ஒன்று. அதற்குத் தலையசைக்க வேண்டியவர்கள் மட்டும் ஒரு கல்யாண மண்டபம் நிறைய இருக்கிறார்கள்.

கோவையில் உட்கார்ந்துகொண்டு சுற்றுவட்டாரத்துப் பாப் பாடகர்களுக்குப் போஸ்டர், பாடல் வரி வீடியோ, தம்ப்நெயில், டி-ஷர்ட் படம் என்று செய்துகொடுத்துப் பிழைக்கிறேன். வேலை கஷ்டம் என்று யாரிடமும் புலம்பியதில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு. "இது சரி, வெளியிடலாம்" என்று சொல்லும் ஓர் ஆள் எந்த வேலையிலும் அகப்படுவதில்லை. பாடகனிடம் கேட்டால், "அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணா" என்கிறான். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பாட்டுக்குப் பணம் போடுபவர் அவர்தான். அவரைக் கேட்டால், "எனக்கு இதெல்லாம் என்னங்க தம்பி தெரியும், மாப்பிள்ளை பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறார், அவர் பார்த்துச் சொல்லட்டுங்க" என்கிறார். மாப்பிள்ளை பார்த்துச் சொல்வதற்குள் ஈரோட்டுச் சித்தப்பா, கம்பெனி மேனேஜர், ஜிம் நண்பன், அந்த நண்பனுக்குத் தெரிந்த ஒருவன் என்று எல்லாரும் வாட்ஸ்அப் குழுவுக்குள் வந்துவிடுகிறார்கள்.

வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மொய் எழுதுவது போல ஆளுக்கொரு திருத்தம் எழுதிவிட்டுத்தான் போகிறார்கள். முகம் பெரிதாக வேண்டும் என்று ஒருவர். முகத்தைச் சின்னதாக்கு, பின்னால் மலை தெரியட்டும் என்று இன்னொருவர். நிறத்தில் கை வைத்தால் அது தனி வம்பு. கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு கட்சியாம். நடுவில் வெள்ளை நுழைந்துவிட்டால் அதற்குப் போட்டிக் கட்சியாம். "நமக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள், வம்பு வேண்டாங்க" என்று ஒரு குரல் பதிவு. காதல் பாட்டுக்குப் போஸ்டர் செய்கிறேனா, தேர்தல் அறிக்கைக்கு அட்டை போடுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

எல்லாத் திருத்தத்துக்கும் ஒரே முன்னுரைதான்: சின்ன வேலைதானே! சின்ன வேலை எப்படிப் பெருகுகிறது என்று ஒருமுறையாவது கேளுங்கள். யூடியூப் தம்ப்நெயில் 1280×720, படுக்கைவாட்டம். பாட்டுச் செயலிகளுக்கு 3000×3000 சதுரம். ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் 1080×1920, நெட்டுக்குத்து. அதில் வலது ஓரத்திலும் அடியிலும் பொத்தான்களும் பெயரும் ஏறிக்கொள்ளும் என்பதால் அங்கே முகத்தையோ எழுத்தையோ வைக்க முடியாது. ஸ்பாட்டிஃபையில் பாட்டோடு ஓடும் துணுக்கு 3 முதல் 8 வினாடி. இதற்கு மேல் ஃப்ளெக்ஸ், அடிக்கணக்கில். இவை ஒரே படத்தை வெட்டி ஒட்டியவை அல்ல. ஒவ்வொன்றிலும் முகம் எங்கே, தலைப்பு எங்கே, வெற்றிடம் எங்கே என்று புதிதாக அடுக்க வேண்டும். சித்தப்பா இரவு பதினொரு மணிக்குத் தொப்பியைக் கழற்றச் சொன்னால், தொப்பி இத்தனை இடத்திலும் கழற வேண்டும்.

அந்தத் தொப்பிப் படமாவது நல்ல தரத்தில் வந்ததா? வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள் என்று குழுவில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. சுருங்கிய படத்தையே அனுப்பிவிட்டு, அதை 20 அடி பேனராக்கக் கேட்கிறார்கள். பேனரில் முகம் சதுரம் சதுரமாகத் தெரிந்தால் குற்றவாளி நான்.

ஃப்ளெக்ஸ் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது. எழுத்தையெல்லாம் வடிவமாக மாற்றி, யார் திறந்தாலும் கலையாத பிடிஎஃப் கோப்பாக ஒன்று கொடுத்திருந்தேன். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த கடையில் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைவாம். தேதியை அங்கேயே மாற்றிக்கொள்வார்களாம். அதனால் திருத்தக்கூடிய கோப்பு வேண்டுமாம். கொடுத்தேன். கடையில் இருந்தது ஏதோ ஒரு பழைய மென்பொருள். தமிழ் யூனிகோடில் "கொ" என்பது முதலில் ககரம், அதற்குப் பின் உயிர்க்குறி என்ற வரிசையில்தான் கணினிக்குள் இருக்கும். கொம்பை முன்னால் நகர்த்தி, காலைப் பின்னால் வைத்துக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. நம் எழுத்துகளை அடுக்கத் தெரியாத மென்பொருளாக இருந்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் அநாதையாக நிற்கும். அப்படித்தான் நின்றது. "கொங்கு" என்ற சொல் ஆளுயர எழுத்தில், கொம்பு இடம்மாறி, அவினாசி சாலைப் பக்கம் ஒரு கட்டடத்தின் மேல் தொங்கியது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010இல். இத்தனை ஆண்டு கழித்தும் கொம்பு இடம்மாறி அலைகிறது என்றால் அது எந்தக் கணக்கு? குழுவில் சித்தப்பா என்ன எழுதினார் தெரியுமா? "தமிழ் கூட ஒழுங்காக எழுதத் தெரியாத ஆளைப் பிடித்திருக்கிறோம்." அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

(அந்தச் சாலையில் அலங்கார வளைவு வைக்கலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. 2017 நவம்பரில் அதே சாலையில் அப்படி ஒரு வளைவில் மோதி ஓர் இளைஞர் உயிர்விட்டதை ஊரே பார்த்தது. அந்த யோசனைக்கு நான் பதிலே போடவில்லை.)

வீடியோவுக்கு வருவோம். கோபியில் வயல், கொடிவேரி அணை, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, உடுமலைப் பக்கம் காற்றாலை என்று படம்பிடித்தோம். பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதற்கு அவன் வாயசைத்தான். நன்றாகவே வந்தது. வெட்டிக் கோத்து, ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் காட்சி மாறும்படி அடுக்கி முடித்த பிறகு ஒரு செய்தி: "அண்ணா, பாட்டு கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள், வேகத்தைக் கூட்டிவிட்டோம். கொஞ்சம்தான், 96இலிருந்து 100."

கொஞ்சம்தானாம். நிமிடத்துக்கு 96 தட்டு ஓடிய 3 நிமிடப் பாட்டை 100 ஆக்கினால் அது ஏழு வினாடி சுருங்கிவிடும். முதல் வரியில் உதடு பொருந்தும். சரணம் வரும்போது அவன் வாய் ஒரு சொல்லில் இருக்கும், குரல் இரண்டு சொல் தள்ளிப் போயிருக்கும். வீடியோவையும் அதே நான்கு விழுக்காடு ஓட்டிவிட வேண்டியதுதானே என்று பெங்களூர் மாப்பிள்ளை பாடம் எடுக்கிறார். ஓட்டலாம், உதடு பொருந்தும். வினாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கு கலைந்து, நடக்கும் போது ஆள் துள்ளுவான். மெதுவாக விழ வேண்டிய தண்ணீர் அவசரப்படும். அதையும் சகித்துக்கொள்ளலாம். ஆனால் வேகத்தைக் கூட்டியதோடு நிறுத்தினார்களா? இடையிசையில் பாதியை வேறு வெட்டியிருந்தார்கள்! அங்கேதானய்யா கொடிவேரிக் காட்சி முழுக்க இருந்தது! விடியற்காலையில் குளிரில் நின்று எடுத்த காட்சி அது. ட்ரோன் காட்சி ஏன் இல்லை என்று கேட்டவர்களும் அதே குழுவில்தான் இருக்கிறார்கள். ஒரு பக்கம் கோவை விமான நிலையம், ஒரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம், தெற்கே போனால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். வானம் என்ன உங்கள் வீட்டு மொட்டைமாடியா?

அடுத்தது, "இந்த மாதிரி வேண்டும்" என்று அனுப்பும் படங்கள். பாட்டில் கொங்கு மேளமான ஜமாப் அடி இருக்கிறது, வரியில் "ஏனுங்க" இருக்கிறது, கதாநாயகி வள்ளிக்கும்மி ஆடுகிறாள். போஸ்டர் மட்டும் கொரியாவிலிருந்து இறங்கியது போல ஊதா வெளிச்சமும் புகையுமாக வேண்டுமாம். கொரியப் பாடகர்களின் ஒரு படத்துக்குப் பின்னால் கலை இயக்குநர், உடை, ஒப்பனை, ஒளியமைப்பு என்று தனித்தனி ஆட்கள் வேலை செய்கிறார்கள். இங்கே நான், ஒரு மடிக்கணினி, எப்போது வேண்டுமானாலும் போகும் மின்சாரம். நான் வேறொன்று சொன்னேன். பவானி ஜமக்காளத்தின் கோடுகளை எடுத்துக்கொள்ளலாம். சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாக, தூரத்திலிருந்து பார்த்தாலே கண்ணைப் பிடித்து இழுக்கும் நிறங்கள். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. போஸ்டர், வீடியோ தலைப்பு, டி-ஷர்ட் மூன்றிலும் அந்தப் பட்டைகளே ஓடினால், பாடகனின் முகத்தை மறைத்தாலும் இது யாருடைய பாட்டென்று தெரியும். மாதிரி ஒன்று செய்தும் காட்டினேன். பாடகனுக்குப் பிடித்திருந்தது, அவன் கண்ணிலேயே தெரிந்தது. சித்தப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஜமக்காளம் பந்திக்கு விரிப்பதுங்க."

பாடகன் வாயைத் திறக்கவில்லை. என் ஆத்திரத்தில் பாதி அவன் மேல்தான். பெயர் உன்னுடையது, குரல் உன்னுடையது, முகம் உன்னுடையது. எனக்கு இதுதான் வேண்டும் என்று சொல்ல உன்னால் முடியவில்லையென்றால் எதற்கு மைக் பிடிக்கிறாய் கண்ணு?

படத்தொழில் இந்த வட்டாரத்துக்குப் புதிதா என்ன? சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. மனிதர் கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தக் கண்டிப்பை எல்லாரும் விரும்பினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தக் காட்சியை வைப்பது என்று அவர் மைத்துனரின் நண்பனைக் கேட்டுக்கொண்டிருந்திருந்தால் ஒரு படமாவது வெளியே வந்திருக்குமா?

அதைவிடக் கொடுமை, அப்பாவின் தொழிலே திருப்பூர் ஏற்றுமதி என்பது. அங்கே என்ன நடக்கிறது? வெளிநாட்டு பையர் ஒரு நிறம் கேட்டால், முதலில் கையகலத் துணியில் சாயம் ஏற்றி லேப் டிப் அனுப்புகிறார்கள். அதற்கு ஒப்புதல் வரும் வரை மொத்தத் துணியைச் சாயத்தில் இறக்குவதில்லை. பிறகு அளவு மாதிரி, அதன்பின் உற்பத்திக்கு முந்தைய மாதிரி. எல்லாவற்றுக்கும் பையர் பக்கத்திலிருந்து ஒரே ஓர் ஆள் ஒப்புதல் தருகிறார். கட்டிங் முடிந்த பிறகு "காலர் வேண்டாம், வி கழுத்து போடுங்கள்" என்று பையர் சொன்னால் இவர் என்ன செய்வார்? துணிக்கும் கூலிக்கும் பில் போட்டு அனுப்பிவிட்டு மறுவேலை பார்ப்பார். என் கட்டிங் முடிந்த பிறகு இவர்கள் கழுத்தை மட்டுமா மாற்றினார்கள், ஆளையே மாற்றச் சொன்னார்கள். கேட்டால் "கம்ப்யூட்டர்தானே செய்கிறது" என்கிறார்.

அவருடைய ஆட்களே இதைப் புரிந்துகொள்கிறார்கள் என்பது இன்னும் வேடிக்கை. ஊதாப் புகைப் போஸ்டரை அப்படியே டி-ஷர்ட்டில் அடிக்க வேண்டும் என்று பிரிண்டிங் மாஸ்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "எத்தனை கலருங்க இது?" என்றார். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது சாயத்தைத் துணியில் இறக்கும் வலைச்சட்டம். ஊதாவிலிருந்து கறுப்புக்கு மெல்ல மெல்லக் கரையும் புகையைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துத்தான் அடிக்க முடியும். போனில் ஒளிரும் அந்த ஊதா துணியில் ஒருபோதும் ஒளிராது. "பட்டை பட்டையாக ஏதாவது இருந்தால் நாலு ஸ்கிரீனில் நறுக்கென்று முடிந்துவிடுங்க" என்றார் அவர். ஜமக்காளத்தைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஜிம் நண்பன் செயற்கை நுண்ணறிவில் ஒரு போஸ்டர் செய்து அனுப்பியதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பாடகனுக்கு ஆறு விரல்; தலைப்பில் இருந்தவை எந்த மொழிக்கும் சொந்தமில்லாத எழுத்துகள். அதற்கும் கட்டைவிரல்கள் உயர்ந்தன.

பணம்? "பாட்டு ஓடட்டுங்க தம்பி, வருவதில் உங்களுக்கும் பங்கு." யூடியூபில் விளம்பரப் பணம் பார்க்கவே 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருப்பதும் வழக்கமான நிபந்தனை. இவர்கள் சேனலில் சந்தாதாரர்கள் எல்லாம் பங்காளிகள். சாயப்பட்டறைக்காரரிடம் "பனியன் விற்கட்டும், பங்கு தருகிறேன்" என்று இவர் சொல்லியிருப்பாரா?

வீடியோவின் கீழே நன்றிப் பட்டியல் இருக்கிறது. கார் கொடுத்தவர், தோப்பு கொடுத்தவர், பிரியாணி கொடுத்த கடை வரை பெயர் இருக்கிறது. வடிவமைத்த ஆளின் பெயர் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையைக் கைமாற்றிவிட்ட பிறகும் இது என் படைப்பு என்று கோரும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது. அந்தப் பிரிவை எடுத்துக் குழுவில் போட்டேன். "தம்பி ஏன் கோபப்படுகிறார்?" என்று கேட்டுவிட்டுச் சித்தப்பா காலை வணக்கம் படம் ஒன்றைப் போட்டார்.

சரி, இனிமேல் திருப்பூர் வழக்கமே எனக்கும். முதலில் மாதிரி. மாதிரிக்கு ஒப்புதல் தருபவர் ஒருவர். அவர் பெயரும் கையெழுத்தும் கொட்டேஷனிலேயே இருக்க வேண்டும். பாட்டின் கடைசி மிக்சிங் கையில் வராமல் கேமராவைத் தொட மாட்டேன். இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடக்கம். மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு அளவுக்கும் தனி பில். குழுவிலிருந்து நேற்றே வெளியேறிவிட்டேன். அடுத்த பாட்டுக்கும் என்னைத்தான் கூப்பிடப்போவதாகக் காதில் விழுந்தது. கூப்பிடுங்கள், வருகிறேன். அதற்கு முன் இந்தப் பாட்டின் பாக்கியை அனுப்பிவிடுங்கள். ஜிபே எண் மாறவில்லை.