சீதன வளவும் கிணற்றுத் தண்ணியும்

இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, ஆரையம்பதி, கல்முனை, சாய்ந்தமருது... எந்தக் குறுக்கொழுங்கைக்குள் நுழைந்தாலும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒழுங்கை வளைந்து போய் யாரோ ஒருவரின் வாசலில் முடியும். திட்டமில்லாமல் கட்டிய ஊர் என்று சொல்லிவிடுகிறார்கள். திட்டம் இருந்தது. அதைக் கீறியது நமது கலியாண வழக்கம்.

பொம்புளப் புள்ளைக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பது இந்தக் கரையில் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதிக்கும் பொது. மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் (வீட்டுக் காணியில்) இளையவளுக்கு அடுத்த அத்திவாரம் போடுவார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி அல்லது வயல்; ஊர் விரிய இடமில்லை. வளவு உள்ளுக்குள்தான் உடையும்.

வழக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. காணி உறுதி பெண்ணின் பெயரில் இருக்கிறது, அவளை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. இது விட்டுக்கொடுக்கக்கூடிய விஷயமே இல்லை. பிழை, வளவைப் பிரிக்கிற விதத்தில்.

40 பேர்ச் வளவு ஒன்றை எடுங்கள்: 90 அடி அகலம், 121 அடி நீளம். மூன்று மகள்மார். நீளவாக்கில் கீறினால் ஆளுக்கு 30 அடி அகலத் துண்டு, 13 பேர்ச் சொச்சம். மூத்தவளின் கிணறு முன்னால், மலகூடக் குழி பின்னால்; இடையில் 80 அடி, நல்லது. இளையவள் கிணற்றைப் பின்னால் தோண்டுகிறாள். இப்போது அக்காவின் குழிக்கும் தங்கச்சியின் கிணற்றுக்கும் 30 அடிகூட இல்லை. 50 அடியாவது வேண்டும். நம்முடையது மணல் தரை, மாரியில் நிலத்தடித் தண்ணி கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். கொட்டு (கொங்கிரீட் வளையம்) இறக்கிய குழியின் அடி அந்தத் தண்ணிக்குள்ளேயே நிற்கும். வேலியும் மதிலும் மேலேதான். கீழே தண்ணி ஒன்று.

ஆகவே காணி அளக்கிற சேவையர் வரும் முன்பே, மூன்று கிணறும் ஒரே பக்கம், மூன்று குழியும் எதிர்ப்பக்கம் என்று தீர்மானியுங்கள். உயர்ந்த பக்கம் கிணறு, தாழ்ந்த பக்கம் குழி. அடுத்த வளவுக்காரரின் குழி எங்கே என்றும் பாருங்கள். இதைவிட நல்லது மூவருக்கும் ஒரே கிணறு. முந்தி அப்படித்தான் இருந்தது.

முன், பின்னாகப் பிரித்தால் வேறு சிக்கல். பின் வீட்டுக்கு 3 அடி வழி விடுவார்கள். அதில் அம்புலன்ஸும் போகாது, குழி நிரம்பினால் அதை உறிஞ்சி எடுக்கிற பௌசரும் போகாது. நிரம்பிய குழி எங்கே கசியும் என்று சொல்லத் தேவையில்லை. 10 அடி அகலத்தில் 60 அடி வழி விட்டால் போவது இரண்டேகால் பேர்ச்தான். அதை மகள்மார் எல்லாரின் பங்கிலும் கழியுங்கள், பின் வீட்டுக்காரியின் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

முற்றத்துக்குச் சீமெந்து போடுகிற பழக்கமும் கூடிவிட்டது. நன்னீர் இங்கே உப்புத்தண்ணிக்கு மேல் மிதக்கிற ஒரு படைதான். மழை மணலுக்குள் இறங்காவிட்டால் அது மெலியும். மெலிந்த இடத்தில் ஆழக் குழாய் இறக்கி மோட்டர் போட்டால் கீழேயிருந்து உவர் ஏறும். கூரைப் பீலித் தண்ணியைக் கானுக்கு விடாமல் மணலுக்குள் விடுங்கள்.

நொத்தாரிசிடம் போகும்போது ‘கிணற்றுப் பங்கு’, ‘வழி உரிமை’ இரண்டையும் அடி அளவோடு ஒவ்வொரு மகளின் உறுதியிலும் எழுதச் சொல்லுங்கள். சகோதரிகள் வாய்ப்பேச்சில் ஒத்துப்போவார்கள். அவர்களின் மகள்மாருக்கு வளவு மறுபடி பிரியும்போது அந்தப் பேச்சைக் கேட்ட ஆள் இருக்காது.