ரூமியின் அடக்கத்தலத்தைக் கட்டியது சுல்தான் சுலைமானா?

துருக்கியின் கொன்யா நகரில் உள்ள சூஃபிக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமியின் அடக்கத்தலப் படத்தைப் போட்டு, ‘இது உதுமானிய சுல்தான் சுலைமான் கட்டியது’ என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

ரூமி மறைந்தது 1273இல். அடுத்த ஆண்டே, உதுமானியருக்கு முன் அங்கே ஆண்ட செல்ஜுக்கியர் காலத்தில், பத்ருத்தீன் தப்ரீஸி என்ற கட்டடக் கலைஞர் இதைக் கட்டத் தொடங்கிவிட்டார். சுலைமான் அரியணை ஏறியதோ 1520இல்! படத்தில் பளிச்சென்று தெரிகிற, நீலப்பச்சை ஓடு பதித்து மடிப்பு மடிப்பாக உயர்ந்து கூம்பாக முடியும் கோபுரமும் அவருடையதல்ல. அது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரமானியர் என்ற துருக்கிய அரச வம்சத்தின் ஆட்சியில் அமைந்தது.

சரி, சுலைமானுக்குப் பங்கே இல்லையா? உண்டு. பக்கத்துப் பள்ளிவாசல், தர்வேஷ்கள் எனப்படும் சூஃபித் துறவிகள் சுழன்றாடும் மண்டபம், ரூமியின் கல்லறைமேல் உள்ள பளிங்குப் பேழை எல்லாம் அவர் காலத்தவை. பளிங்கு வந்ததும், நுணுக்கமாகச் செதுக்கிய பழைய மரப்பேழையை ரூமியின் தந்தை பஹாவுத்தீன் வலதின் கல்லறைமேல் வைத்துவிட்டார்கள். அது உயரமாக நிற்பதால், ‘மகனுக்கு மரியாதை செய்யத் தந்தை எழுந்து நின்றார்’ என்று ஒரு கதையும் உண்டு. அழகான கதைதான், வரலாறு அல்ல.

1927 முதல் இது அருங்காட்சியகம்.