நிறம் மட்டும் போதாது நண்பரே

"சிங்கப்பூர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையப் பலகைகளில் தடத்தை அறிய நிறம் ஒன்றே போதும், எழுத்தும் எண்ணும் வெறும் இடநிரப்பிகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல.

என் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். சிங்கப்பூரில் வடக்கு–தெற்குத் தடம் சிவப்பு, கிழக்கு–மேற்குத் தடம் பச்சை. சிட்டி ஹால் நிலையத்தில் ஒரே நடைமேடையின் ஒரு பக்கம் ஒரு தடம், மறுபக்கம் இன்னொன்று. அங்கே நின்று அவன் முதலில் தேடுவது வடக்கு–தெற்கைக் குறிக்கும் 'என்எஸ்', கிழக்கு–மேற்கைக் குறிக்கும் 'இடபிள்யூ' என்ற ஆங்கில எழுத்துகளைத்தான். அவை இல்லையென்றால் யாரையாவது கேட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

அவனைப் போன்றவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. சிவப்பு–பச்சைக் குறைபாடு ஆண்களிடம் பரவலாக இருப்பதுதான்.

எண்ணுக்கும் வேலை உண்டு. டோபி காட் நிலையத்துக்கு என்எஸ்24, என்இ6, சிசி1 என மூன்று குறியீடுகள். பார்த்தவுடனே மூன்று தடங்கள் கூடுமிடம் என்று புரிகிறது. இருப்பது என்எஸ்24, போவது என்எஸ்27 என்றால் மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கலாம். பெயரைப் படிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணிவிடலாம். டோக்கியோவில் 2004இல் நிலைய எண்கள் வந்ததும் ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்குப் பெரிய துணையானது. அங்கே ஐந்து தடங்கள் சந்திக்கும் ஓடெமாச்சி நிலையத்தில் நிறத்தை மட்டும் நம்பி நடந்து பாருங்கள்!

நிறம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூரத்திலிருந்து கண்ணை இழுப்பது அதுதான். ஆனால் சரியான தடத்தில் நின்றாலும் எந்தத் திசை வண்டி என்பதை நிறம் சொல்லாது. அதற்குக் கடைசி நிலையத்தின் பெயர் பலகையில் பெரிதாக இருந்தாக வேண்டும்.