மூன்றரை டன் இழுக்கும் என்றார்களே, மீதியை யார் சொல்வது?

ஆஸ்திரேலியாவில் சாதாரண கார் லைசென்ஸ் ஒன்று கையில் இருந்தால் போதும். மூன்று டன் கேரவனை, அதாவது கார் இழுத்துப் போகும் சக்கர வீட்டை, காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நாளைக் காலையே ஹியூம் ஹைவேயில் ஏறலாம். தேர்வு கிடையாது, பயிற்சி கிடையாது, யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். விக்டோரியாவில் 21 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளை காருக்கு லைசென்ஸ் வாங்க 120 மணி நேரம் ஓட்டிப் பழகியதைப் பதிவு செய்து காட்ட வேண்டும். அதே சாலையில் கேரவன் இழுப்பவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் கட்டாயம் இல்லை. பிரிட்டனில் கனமான டிரெய்லருக்கென்று தனித் தேர்வு வைத்திருந்தார்கள். 2021 டிசம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். எந்தத் தைரியத்தில் எடுத்தார்களோ!

சரி, அரசாங்கம் கேட்கவில்லை. விற்கிறவராவது சொல்ல வேண்டாமா? என் கோபத்தில் முக்கால் பங்கு அவர்கள் மேல்தான்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் என்னவெல்லாம் காட்டுகிறார்கள் தெரியுமா? வெளியே நிழலுக்கு விரிக்கும் ஆனிங்கை எப்படி விரிப்பது, டிவியை எப்படித் திருப்புவது, படுக்கைக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது, வெளிவிளக்கு எந்தெந்த நிறத்தில் எரியும். எல்லாம் பொறுமையாக, சிரித்த முகத்தோடு. எடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானே கேட்டேன். உங்கள் கார் மூன்றரை டன் இழுக்கும், கவலையே வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அந்த மூன்றரை டன் என்கிற எண் காரின் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு எண் கையேட்டின் உள்பக்கத்தில் எங்கோ ஒளிந்திருக்கும். அதன் பெயர் ஜிசிஎம். கார், கேரவன், ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு எடை போகலாம் என்கிற வரம்பு அது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிசிஎம் 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 3,500 கிலோ கேரவன் வந்தால் காருக்கு மிஞ்சுவது 2,500. ஆட்கள் ஏறாமல், டீசல் மட்டும் நிரப்பிய கார் 2,200 கிலோ என்றால், உள்ளே ஏற்றக்கூடியது வெறும் 300 கிலோ. ஆளுக்கு 75 கிலோ வீதம் நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் அத்தோடு தீர்ந்தது. புல் பார் மாட்டியிருந்தாலோ, டிக்கியில் ஒரு ஃபிரிட்ஜ் வைத்தாலோ வரம்பு தாண்டிவிட்டது. போதாததற்கு, கேரவனின் முன்முனை காரின் கொக்கியில் அழுத்தும் எடை, பால் வெயிட் என்பார்களே, அது 350 கிலோ அளவில் இருக்கும். அது காரின் மேல் உட்கார்ந்திருக்கும் சுமை. ஆகவே காருக்கென்று தனியாக இருக்கும் ஜிவிஎம் வரம்பிலும் அதைச் சேர்த்தாக வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக் கூட்டல் கழித்தல்தான் இது. விற்கிற இடத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஏன் எழுதிக் கொடுப்பதில்லை? எழுதினால், இந்தக் காருக்கு இதைவிடச் சிறிய கேரவன்தான் சரிப்படும் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். வேறு எந்தக் காரணமும் எனக்குப் புலப்படவில்லை.

அப்புறம் அந்தத் தகடு. கேரவனின் முன்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் டேர், ஏடிஎம் என்று இரண்டு எண்கள் இருக்கும். டேர் என்பது வெறும் வண்டி. ஏடிஎம் என்பது தண்ணீர், காஸ், சாமான் எல்லாம் சேர்த்த உச்ச வரம்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நம் வாழ்க்கைக்கான இடம், பல வண்டிகளில் அது 400 கிலோ சொச்சம்தான். 95 லிட்டர் தொட்டி இரண்டை நிரப்பினாலே 190 கிலோ போய்விட்டது. 9 கிலோ சிலிண்டர் இரண்டில் காஸ் மட்டும் 18. மிச்சத்தில் துணிமணி, பாத்திரம், மளிகை, நாற்காலி, மேசை, குழாய்கள், கருவிப் பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அடங்க வேண்டும்.

அந்த டேராவது உண்மையா? எங்கள் வண்டியை நானே பொது எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு கரண்டிகூட ஏற்றாத வண்டி, தகட்டில் இருந்ததைவிடக் கணிசமாகக் கூடுதல் எடை காட்டியது. போன் செய்து கேட்டால், சோலார் தகடும் இரண்டாவது பாட்டரியும் ஏசியும் நீங்கள் கேட்டுச் சேர்த்தவை, தகடு அதற்கு முன்பே அடித்தது என்கிறார்கள். சேர்த்தது யார்? அவர்கள். காசு வாங்கியது யார்? அவர்கள். சேர்த்த பிறகு ஒருமுறை எடை போட்டு உண்மையைச் சொல்வது மட்டும் அவர்கள் வேலை இல்லையாம்! வழியில் போலீஸ் நிறுத்தி எடை போட்டால் அபராதம் கட்டப்போவது நான். விபத்து நடந்து, வண்டி வரம்பை மீறியிருந்தது என்று காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால் நடுத்தெருவில் நிற்கப்போவது என் குடும்பம்.

எடையைப் பற்றி இவ்வளவு கத்துவதற்குக் காரணம் அபராதம் மட்டும் இல்லை. கேரவன் ஆட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு டிரெய்லர்களை இழுக்கும் பெரிய பி-டபுள் லாரி ஒன்று உங்களைத் தாண்டிப் போகும். அது தள்ளும் காற்றில் கேரவன் முதலில் லேசாக ஒதுங்கும், அப்புறம் லாரியின் பக்கம் இழுபடும். எடை சரியாகப் பரவியிருந்தால் அதோடு நின்றுவிடும். சக்கரத்துக்குப் பின்னால் சுமை அதிகமாக இருந்தால் ஆட்டம் நிற்காது, ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். வேகம் கூடினால் இன்னும் மோசம். கடைசியில் வால் காரையே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். பால் வெயிட் கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்து சதவீதம் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஆனால் கேரவனின் பின்முனையில் சைக்கிள் ஸ்டாண்டு, கருவிப் பெட்டி, இரண்டு ஸ்டெப்னி என்று வரிசையாக மாட்டி விற்பதும் இவர்களேதான். அங்கே மாட்டுகிற ஒவ்வொரு கிலோவும் முன்னால் கொக்கியில் அழுத்தும் எடையைக் குறைக்கிறது என்று ஒரு ஆள் வாயைத் திறந்து சொல்வதில்லை.

ஆடினால் என்ன செய்ய வேண்டும்? ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும், எதிர்ப்பக்கம் ஒடிக்கக் கூடாது. காரின் பிரேக்கைப் பதறி மிதிக்கக் கூடாது. டேஷ்போர்டில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் இயக்கி, கேரவனின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். அது பின்னாலிருந்து இழுத்து இரண்டையும் நேராக்கும். உயிர் காக்கிற பொத்தான் அது. அதைக் காரில் பொருத்தியவரும் இதைச் சொல்லவில்லை, கேரவனை விற்றவரும் சொல்லவில்லை. ஆனால் கேம்ப்சைட்டில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஆடும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் நேராகிவிடும் என்று அறிவுரை சொல்ல ஆள் இருக்கிறது! தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரும்புக்கு மட்டும் சட்டம் எவ்வளவு கவனம் காட்டுகிறது பாருங்கள். 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லரில் பிரேக் இருக்க வேண்டும். 2 டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும், கேரவன் கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் பிடித்து 15 நிமிடமாவது பிடித்தபடி நிற்க வேண்டும். நல்ல சட்டம்தான். அந்தப் பிரேக்கை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

மின்சாரத்திலும் இதே கதை. எங்கே வேண்டுமானாலும் தங்கலாம், மின் இணைப்பே தேவையில்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பாட்டரியில் பாதியைத்தான் செலவு செய்யலாம், அதற்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் பாட்டரி சீக்கிரம் செத்துவிடும். 12 வோல்ட்டில் அந்தப் பாதி என்பது 600 வாட்-அவர். ஃபிரிட்ஜும் விளக்கும் பம்ப்பும் ஓடினால் மேகம் கவிந்த ஒரு நாளைத் தாண்டுவதே கஷ்டம். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை அதில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சட்னி அரைக்க மிக்ஸி போடுவோம், அதற்கு இன்வெர்ட்டர் எந்த அளவில் வேண்டும் என்று என் மனைவி தெளிவாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கினார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? 750 வாட் என்று மிக்ஸியின் அடியிலேயே எழுதியிருக்கிறது, பதில் சொல்வதற்கு அது போதும்.

கேரவனின் இணைப்பு 15 ஆம்பியர், அதன் பிளக்கில் எர்த் முள் அகலமாக இருக்கும். வீட்டு 10 ஆம்பியர் பிளக் பாயின்டில் அது நுழையாது, நுழையக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த முள்ளை அரத்தால் ராவிச் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயர் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய விஷயம் இது. அதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள்.

கேசட் டாய்லெட்டின் மலத்தொட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்க் காலி செய்கிற டம்ப் பாயின்டைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. அங்கே கழுவுவதற்கு ஒரு குழாய், கொஞ்சம் தள்ளிக் குடிநீருக்கு ஒரு குழாய் இருக்கும். பலகையும் வைத்திருப்பார்கள். அப்படியும் மலத்தொட்டியின் வாயைக் குடிநீர்க் குழாயில் முட்டக் கொடுத்துக் கழுவுகிறார்கள்! அடுத்து வருகிறவர் அதே குழாயில் குழந்தைக்குப் பாட்டில் நிரப்புவார். படித்தவர்கள், லட்சம் டாலர் கொடுத்து வண்டி வாங்கியவர்கள் செய்கிற காரியம் இது. எங்கள் பிள்ளைகளுக்கு எந்தக் கேரவன் பார்க்கிலும் குழாயின் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தண்ணீர் பிடிப்பதில்லை.

மழை வந்து கூரை மூலையில் ஒழுக ஆரம்பித்தால் அடுத்த அலைச்சல். விற்றவர் தயாரித்தவரைக் கேள் என்கிறார், தயாரித்தவர் விற்றவரிடம் போ என்கிறார், நடுவில் தரைப்பலகை ஊறி உப்பிக்கொண்டிருக்கிறது. இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2022இல் புதிய கேரவன் விற்பனை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் கருத்துக் கேட்புக்குப் பதில் அனுப்பியவர்களில் 80 சதவீதம் பேர் தங்கள் புதிய கேரவனில் கோளாறு இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே இந்த அலைக்கழிப்புக்கு யாரும் பணிந்து போகாதீர்கள். நுகர்வோர் சட்டப்படி உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர்தான். தயாரித்தவரிடம் போ என்று கையை விரிக்க அவருக்கு உரிமை இல்லை. பெரிய குறை என்றால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு வண்டி வாங்கிக்கொள்வதா என்று தீர்மானிப்பது நீங்கள், அவர் அல்ல. வாரண்டி முடிந்துவிட்டது என்று சொன்னாலும் அந்த உரிமை அதோடு முடிந்துவிடுவதில்லை. போனில் பேசாதீர்கள், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். இனிமேல் வாங்கப் போகிறவர்கள், பாக்கிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் வண்டியை எடைமேடையில் ஏற்றச் சொல்லுங்கள், சீட்டைக் கையில் வாங்குங்கள், பால் வெயிட்டை உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். மறுத்தால் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.