அந்தக் குரல்களின் பெயர் எனக்குத் தெரியவில்லை

போன வாரம் மதியம் சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் ‘ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்’ பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில். பக்கத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “28 வயசாகுது, இன்னும் பொம்மைப் படமா?” என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் சிரித்து மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரமாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். 2008 வரை எங்கள் வீட்டில் டிவி கிடையாது. லீவுக்கு டவுனில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனால்தான் கார்ட்டூன். அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். அத்தை பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். அவர்கள் சிரித்த பிறகு, அவர்கள் முகத்தைப் பார்த்து நானும் தம்பியும் சிரிப்போம். ‘டாம் அண்ட் ஜெர்ரி’ வரும்போது மட்டும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்போம். அதில் பெரும்பாலும் பேச்சே இருக்காது. டாம் படியில் உருண்டால் இசையும் கூடவே உருளும், ஜெர்ரி நுனிக்காலில் நடந்தால் இசையும் நுனிக்காலில் நடக்கும். அந்த இசையை அமைத்தவர் பெயர் ஸ்காட் பிராட்லி என்பதைப் வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1940-ல் அமெரிக்காவில் தொடங்கிய படம், ஆங்கிலம் தெரியாத எங்கள் இரண்டு பேரையும் வெளியே நிறுத்தாமல் உள்ளே சேர்த்துக்கொண்டது.

அப்புறம் அரசு கொடுத்த இலவச கலர் டிவி வந்தது. 14 அங்குலம். டோக்கனைக் கொடுத்து வாங்கி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டி, அப்பா ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். அதற்கு முந்தைய வருடம்தான், 2007-ல், சுட்டி டிவி தொடங்கியிருந்தது. டிவியே இல்லாத வீடுகளுக்கு டிவி வந்துகொண்டிருந்த அதே காலத்தில், தமிழ் பேசும் கார்ட்டூன் சேனலும் வந்து சேர்ந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, வேறு மொழியில் சிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தவர்களால்தான் உணர முடியும் என்று நினைக்கிறேன்.

சுட்டி டிவியில் தமிழில் வந்த ஜாக்கி சான் தொடரில் 12 மந்திரக் கற்கள் வரும். சீன ராசிச் சக்கரத்தின் 12 மிருகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. முயலுக்கு வேகம், எருதுக்குப் பலம், பாம்புக்கு மறைந்து போகும் வித்தை, சேவலுக்குப் பொருள்களை மிதக்க வைக்கும் வித்தை. ஸ்கூலில் கூழாங்கற்களைப் பொறுக்கி, மேலே பேனாவால் படம் வரைந்து பிரித்துக்கொள்வோம். எனக்கு எப்போதும் குதிரைதான் கிடைக்கும். அது காயத்தை ஆற்றும் கல். யாராவது முட்டியைத் தேய்த்துக்கொண்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அதில் வரும் வயதான மந்திரக்காரரை மறக்கவே முடியாது. பழம்பொருள் கடை வைத்திருப்பார். ஜாக்கியைத் திட்டுவார், இரண்டு விரலால் நெற்றியில் ஒரு தட்டு தட்டுவார், திட்டி முடித்துப் போய்விட்டு மறுபடி வந்து இன்னும் ஒரு விஷயம் என்று ஆரம்பிப்பார். அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்து, அடுப்படியில் நின்று குரலை மட்டும் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்: “யாருடி இது, எங்க பெரியப்பா மாதிரியே திட்டுறாரு?” அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு சீனக் கிழவர் வெறும் குரலாலேயே எங்கள் வீட்டுப் பெரியப்பா ஆகிவிட்டார்.

அவர் சொல்லும் மந்திரம் மட்டும் தமிழிலும் மாறாமல் அப்படியே வந்தது: “யூ மோ குவாய் குவாய் ஃபை டீ சாவ்.” பொருள் தெரியாமல் ஊரே சொல்லிக்கொண்டு திரிந்தோம். கரன்ட் போனால் வரச்சொல்லிச் சொல்வோம். (அந்த வருடங்களின் மின்வெட்டு ஞாபகம் இருப்பவர்களுக்கு இதன் அவசியம் புரியும்.) அது கான்டனீஸ் மொழி, பேய் பிசாசுகளே சீக்கிரம் ஓடுங்கள் என்று அர்த்தம் என்பது ரொம்பப் பிறகு தெரிந்தது. நம் ஊரில் வேப்பிலை அடிக்கிறவர் சொல்வதும் அதைத்தானே!

தம்பிக்குப் பிடித்தது டோரா கார்ட்டூன். டோரா ஒரு கேள்வி கேட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு காத்திருப்பாள் இல்லையா, அந்த இடைவெளியில் தம்பி தொண்டை கிழியப் பதில் சொல்வான். “குள்ளநரி திருடக் கூடாது” என்று மூன்று முறை கத்துவான். ஆங்கிலத்தில் அந்தக் கதாபாத்திரத்தின் பெயர் ஸ்வைப்பர். தமிழில் அதைக் குள்ளநரி என்று ஆக்கியது யார் யோசனையோ தெரியாது, எவ்வளவு அழகான யோசனை! காக்காவிடம் வடையை ஏமாற்றி வாங்கிய நரியை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதே நரி இப்போது முகமூடி போட்டுக்கொண்டு டோராவின் பொருளைத் திருட வருகிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் சும்மா நடக்கவில்லை. படத்தில் வாய் அசைவது ஆங்கிலத்துக்கு. “ஒன் மோர் திங்” என்றால் மூன்று அசையில் வாய் மூடிவிடும். “இன்னும் ஒரு விஷயம்” என்று முடிப்பதற்கு அது போல இரண்டு மடங்கு நேரமாவது வேண்டும். ஆங்கிலத்தில் முன்னாலேயே வந்துவிடும் வினைச்சொல் நமக்குக் கடைசியில்தான் வரும். அதையெல்லாம் சமாளித்து, வாயசைவுக்குள் அடக்கி, அதற்குள் கோபத்தையும் கிண்டலையும் யாரோ சிலர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். யாரோ சிலர் மூடிய அறைக்குள் மைக் முன்னால் நின்று, எங்களுக்காகக் கத்தியிருக்கிறார்கள், விழுந்திருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஜாக்கி சானை ஆங்கிலத்தில் நல்ல தெளிவான பிரதியில் பார்த்தேன். படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. ஊர்த் திருவிழாவில் தெரிந்த முகத்தைப் பார்த்து ஓடிப் போனால், திரும்பிப் பார்ப்பவர் வேறு யாரோவாக இருப்பாரே, அப்படி இருந்தது. நான் தேடிப் போனது அந்தப் படத்தை இல்லை, அந்தக் குரலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது நான் பார்ப்பது, யாரோ டிவியிலிருந்து பதிவு செய்து யூடியூபில் போட்ட மங்கலான துண்டுகள். பாதியில் அறுந்துவிடும். சில நாள் கழித்துப் போனால் அந்தத் துண்டும் இருக்காது.

அதனால் அக்காவுக்கு என் பதில் இதுதான். நான் சின்னப் பிள்ளையாகவே இருக்க ஆசைப்பட்டு இதைப் பார்க்கவில்லை. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று நன்றாகச் செய்யப்பட்ட ஒரு வேலையை, அதன் அருமை தெரிகிற வயதில் மறுபடி பார்க்கிறேன். சினிமாவில் பின்னணி பேசுகிறவர்களையாவது இப்போது கொஞ்சம் பேட்டி எடுக்கிறார்கள். கார்ட்டூனுக்குப் பேசியவர்களை யாரும் தேடுவதில்லை. அந்தத் தமிழ் ஒலிப்பதிவுகளை முழுதாகச் சேர்த்து, பேசியவர்கள், வசனம் எழுதியவர்கள் பெயரோடு எங்காவது பத்திரப்படுத்த வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் டப்பிங் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், அந்த மந்திரக்காரருக்குத் தமிழில் பேசியவர் யார் என்று சொல்லுங்கள். அவரிடம் அம்மா சொன்னதைச் சொல்ல வேண்டும்.