இரண்டுக்கும் ஒரே மஞ்சள்

2001 அக்டோபர் 7 இரவு ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா தொடங்கிய போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தைத்தான் சொல்கிறார்கள். நவம்பர் 9-இல் மசார்-இ-ஷரீப், 13-இல் காபூல், டிசம்பர் 7-இல் காந்தகார் என இரண்டே மாதங்களில் தாலிபான் ஆட்சி சரிந்தது உண்மை. ஆயினும், அந்த முதல் வாரங்களை அளக்க வேண்டிய கோல் வேகம் அன்று என்பதே என் கருத்து.

ஏவுகணைகளும் குண்டுவீச்சு விமானங்களும் காபூலையும் காந்தகாரையும் தாக்கிய அதே முதல் இரவில், சி-17 என்னும் சரக்கு விமானங்கள் சுமார் 37,500 உணவுப் பொட்டலங்களை வானிலிருந்து கொட்டின. மூன்றாண்டு வறட்சியில் வாடிய மக்களுக்கு உணவு தேவைப்பட்டது. அதில் குறை காண மாட்டேன். ஆனால், அந்தப் பொட்டலங்களின் உறை மஞ்சள் நிறம். ஒவ்வொன்றிலிருந்தும் 202 சிறு குண்டுகள் சிதறும் கொத்துக் குண்டுகளையும் அமெரிக்கா அந்தப் போரில் வீசியது. அவற்றுள் ஒரு பகுதி வெடிக்காமல் வயல்களிலும் தெருக்களிலும் கிடக்கும். அந்தச் சிறு குண்டுகளும் மஞ்சள் நிறமே.

சோவியத் காலத்துக் கண்ணிவெடிகளுக்குக் கைகால்களை இழந்த குழந்தைகள் ஏற்கெனவே நிறைந்திருந்த நாடு அது. அங்கே பசியோடு ஓடிவரும் சிறுவன், சதுரமாக இருந்தால் சோறு, உருளையாக இருந்தால் சாவு என்று எப்படிப் பிரித்தறிவான்? அந்த வேறுபாட்டை விளக்கி டாரி, பஷ்தோ மொழிகளில் வானொலி எச்சரிக்கை ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. உறையை நீலமாக மாற்றுவதாக அறிவிக்கவே நவம்பர் பிறந்துவிட்டது.

இதை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. செப்டம்பர் 11-இல் ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்ற அல்-கய்தாவைத் தேடிச் சென்றதில் நியாயம் இருந்தது. தங்கள் பகை ஆப்கான் மக்களோடு இல்லை என்றும் அமெரிக்கா சொன்னது. அப்படிச் சொன்ன ஓர் அரசு, மேலிருந்து விழுவது கீழே நிற்பவரின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை முதல் விமானம் புறப்படும் முன்பே யோசித்திருக்க வேண்டும். தாக்கும் இலக்குகளைத் தேர்வதில் அத்தனை நுட்பம் காட்டியவர்களுக்கு இது எட்டாத நுட்பம் அன்று.

அந்த இலக்கு நுட்பமும் தவறியது. காபூலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிடங்குக் கூரைகளில் சிவப்புச் சிலுவை பெரிதாக வரையப்பட்டிருந்தது. அக்டோபர் 16-இல் அங்கே குண்டுகள் விழுந்தன; 26-இல் அதே வளாகத்தில் மீண்டும் விழுந்தன. தவறு நேர்ந்ததாக அமெரிக்கா ஒப்புக்கொண்டது. எரிந்து போனவை, நகரத்து எளியவர்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த உணவும் போர்வைகளும்.