“அந்தப் பக்கம் போனா பிளஸ் ஆயிடும்”னு சொல்லிக்குடுக்குறவங்களே, ஏன்னு ஒரு தடவ சொல்லுங்க

எக்ஸ் − 9 = 4. இவ்ளோதாங்க கணக்கு. அக்கா பொண்ணு இதுக்கு ரெண்டு பக்கமும் 9 கூட்டி, எக்ஸ் − 9 + 9 = 4 + 9, அப்புறம் எக்ஸ் = 13னு வரிவரியா எழுதி, கடைசில 13 − 9 = 4னு சரிபார்த்தும் வெச்சிருக்கா. டீச்சர் அந்த ரெண்டு + 9ஐயும் சிவப்பு பேனால அடிச்சு, சரிபார்த்த வரியையும் சுழிச்சு, பக்கத்துல ‘தேவையில்லாத ஸ்டெப்’னு எழுதி பாதி மார்க்க எடுத்துட்டாங்க. பாதி மார்க்கு! விடை சரி, வழி சரி, சரிபார்த்தது சரி, அப்புறம் எதுக்குய்யா குறைச்சீங்க? ஸ்டெப் போடலன்னா ‘ஸ்டெப் எங்க’ன்னு குறைப்பீங்க, போட்டா தேவையில்லாத ஸ்டெப்பா?

அந்த ரெண்டாவது வரிதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. மொத்த கணக்குலயும் கணக்குன்னு ஒண்ணு நடக்குறதே அந்த ஒரு வரிலதான். எக்ஸ்கிட்ட இருந்து 9 போயிருக்கு, அத திருப்பிக் குடுத்தா எக்ஸ் முழுசா கிடைக்கும், இந்தப் பக்கம் குடுத்தா அந்தப் பக்கமும் குடுக்கணும், இல்லன்னா நடுவுல போட்ட சமக்குறி பொய் ஆயிடும். −9ம் +9ம் சேர்ந்து பூஜ்யம் ஆகுறத அவ கண்ணால பாத்து எழுதியிருக்கா. புரிஞ்சு எழுதினதுக்கு அத்தாட்சியே அந்த வரிதான், அதத்தான் அடிச்சிருக்காங்க.

சரி, அடிச்சுட்டு என்ன சொல்லிக்குடுத்தாங்களாம்? “மைனஸ் 9ஐ அந்தப் பக்கம் கொண்டு போ, பிளஸ் 9 ஆயிடும், ஒரே வரில முடிஞ்சுடும்.” இவ ஏன் ஆகுதுன்னு கேட்டிருக்கா. “ரூல் அப்படித்தான், எழுது.” வீட்டுக்கு வந்து என்கிட்ட கேக்குறா, “சித்தி, சமக்குறிய தாண்டினா எப்படி குறி மாறும்?” கேள்வின்னா இதுதாங்க கேள்வி! எந்த எண்ணும் எங்கயும் போகல, எதையும் தாண்டல. ரெண்டு பக்கமும் ஒரே வேலைய செஞ்சோம், ஒரு பக்கம் அடிபட்டுப் போச்சு, இன்னொரு பக்கம் நின்னுச்சு, அவ்ளோதான். இத சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? அதுக்குக்கூட நேரம் இல்லன்னா எதுக்குத்தான் நேரம் இருக்கு?

இப்படி மந்திரம் மாதிரி சொல்லிக்குடுத்தா அடுத்து என்ன ஆகும்னு பசங்களுக்கு கணக்கு சொல்லிக்குடுக்குற எல்லாருக்கும் தெரியும். 3 எக்ஸ் = 12ன்னு, அதாவது மூணு தடவ எக்ஸ் 12ன்னு குடுங்க, 4னு வர வேண்டியதுக்கு 3ஐ அந்தப் பக்கம் கொண்டு போய் மைனஸ் ஆக்கி எக்ஸ் = 9னு போடுவான். அவன் மேல என்ன தப்பு? அந்தப் பக்கம் போனா குறி மாறும்னு நீங்கதானே சொன்னீங்க. 15 = எக்ஸ் + 8ன்னு குடுங்க, எக்ஸ் வலது பக்கம் இருக்குன்னே பாதிப் பேர் பேனாவ வெச்சுட்டு முழிப்பாங்க, ஏன்னா இவங்க பழக்கின எல்லா கணக்குலயும் எக்ஸ் இடது பக்கமேதான் உக்காந்திருக்கும். 7 − எக்ஸ் = 3 இன்னும் மோசம். எக்ஸ்க்கு முன்னாடி இருக்குற மைனஸ 7ஓடதுன்னு நினைச்சு, 7ஐ பிளஸ் ஆக்கி தூக்கிட்டுப் போய் எக்ஸ் = 10னு எழுதுவான். 7ல 10 போனா எப்படி 3 வரும்னு ஒரு நொடி போட்டுப் பாத்தா தெரிஞ்சுடும், ஆனா போட்டுப் பாக்குறதுதான் தேவையில்லாத ஸ்டெப் ஆச்சே! ரெண்டு பக்கமும் எக்ஸ கூட்டு, 7 = 3 + எக்ஸ், ரெண்டு பக்கமும் 3ஐ கழி, 4 = எக்ஸ். இதுல எங்க மந்திரம் இருக்கு, எதுக்கு மனப்பாடம்?

இது எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்தா அதுக்கும் முன்னாடி. சின்ன வகுப்புல இருந்தே சமக்குறின்னா ‘இங்க விடைய எழுது’ன்னு பழக்கிடுறாங்க. 8 + 4 = □ + 5, கட்டத்துல என்ன வரும்னு கேட்டுப் பாருங்க, 12னு வரும், இல்லன்னா அதோட 5ஐயும் கூட்டி 17னு வரும். 7னு சொல்ற புள்ளைய பாத்தா எனக்கு கட்டிக்கணும் போல இருக்கும். 1557ல ராபர்ட் ரெக்கார்ட்ங்குற கணித அறிஞர் இந்த சமக்குறிய முதல்முதலா போட்டப்போ ஒரே நீளத்துல ரெண்டு இணைகோடு போட்டதுக்கு காரணமும் சொன்னாரு, இத விட சமமா ரெண்டு பொருள் இருக்க முடியாதுன்னு. விடைக்கு அம்புக்குறின்னு எங்கயும் சொல்லல! அதுக்கும் பல நூறு வருஷம் முன்னாடி, 9ஆம் நூற்றாண்டுல, பாக்தாத்ல அல்-குவாரிஸ்மிங்குற கணித அறிஞர் சமன்பாடுகள தீர்த்ததும் இப்படித்தான். ஒரு பக்கம் குறைஞ்சிருக்குறத ரெண்டு பக்கமும் சேர்த்து சரி பண்ணு, ரெண்டு பக்கமும் பொதுவா இருக்குறத ரெண்டு பக்கமும் எடுத்துடு. அவர்கிட்ட பிளஸும் இல்ல மைனஸும் இல்ல, எல்லாத்தையும் வார்த்தையாவே எழுதினாரு. அக்கா பொண்ணு போட்ட அந்த + 9 அவர் காலத்துல இருந்து வர்ற வேலைங்க, அது மேலதான் சிவப்பு கோடு விழுந்திருக்கு.

புரிஞ்சதுக்கு அப்புறம் ஒரு புள்ள தானா அந்த வரிய விட்டுட்டு நேரா 4 + 9னு எழுதுதா, தாராளமா எழுதட்டும், நானும் அப்படித்தான் எழுதுறேன். புரியுறதுக்கு முன்னாடியே அத புடுங்குறதுதான் அநியாயம். புத்தகத்துல முதல் பக்கத்துல பெருசா தராசு படம் போடுறாங்க, ரெண்டு தட்டு, எடைக்கல்லு எல்லாம் அழகா இருக்கு, பக்கத்த திருப்பினா தராசையே காணோம், ‘பக்கம் மாற்றினால் குறி மாறும்’னு ஒரு கட்டம் கட்டி வெச்சிருக்கு. அப்புறம் எதுக்கு அந்தப் படம்?

அந்தப் பாதி மார்க்கு போனா போகட்டும், அது யாருக்கு வேணும். “இனிமே ரெண்டு பக்கமும் எழுத மாட்டேன் சித்தி, மார்க் போயிடும்”ங்குறா பாருங்க, அதுதான் வயிறு எரியுது. சரியா யோசிக்கிற புள்ளைய யோசிக்காதன்னு பழக்கிட்டீங்களே!

இருக்குற கோவத்துல இதையும் சொல்லிடறேன், இந்த ஜாமெட்ரி பாக்ஸ் செய்யுறவங்க காம்பஸ் திருகாணிய ஒழுங்கா செய்யவே மாட்டாங்களா? வட்டம் பாதி சுத்துறதுக்குள்ள கால் விரிஞ்சு ஆரம் மாறிடுது, ஆரம்பிச்ச இடத்துல வந்து சேரவே மாட்டேங்குது. பாகைமானில இருக்குற நம்பரெல்லாம் கை பட்டே அழியுது, 40ஆ 140ஆன்னு தெரியாம புள்ள கண்ண சுருக்கிட்டு உக்காந்திருக்கு. அதுக்கும் இவளுக்குத்தான் மார்க்கு குறையுது!